வான்கோழிக்கு ஒரு கை

வரிசையில் ஏழு பிள்ளைகள் நின்றார்கள். ஏழாவது இனியன். அவன் அப்பன் வெள்ளியங்கிரி, பெயின்ட் துடைக்கிற ஈரத்தாளைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாக எண்ணினான், எண்ணினால் வரிசை நீண்டுவிடுமா என்ன, ஏழுதான். மூன்று வயசுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் அவனை உட்கார வைத்திருந்தார்கள், முழங்கால் இரண்டும் மோவாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றன. எதிரே மிஸ் டெனிஸ், இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் ஒரே முழுநேர ஆசிரியை, பழைய சட்டை ஒன்றை ஏப்ரன் மாதிரி மேலே மாட்டிக்கொண்டு, தூரிகையைத் தட்டில் தோய்த்துத் தோய்த்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் பழுப்பு. அப்புறம் நாலு விரலுக்கும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. வெள்ளைத் தாளில் ஒரு அமுக்கு. எடுத்தால் வான்கோழி. கட்டைவிரல்தான் தலை, மற்ற நாலும் விரிந்த இறகு. அடுத்த வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், வான்கோழி சமைக்கிற அமெரிக்கப் பண்டிகை, ஊரெல்லாம் வான்கோழி, கடைக் கண்ணாடியில், வங்கி வாசலில், பால் டப்பாவில். இத்தனை லேசான வேலை வேறில்லை என்று மிஸ் டெனிஸ் அனுப்பிய மெயிலில் இருந்தது, ஐந்து நிமிஷம், மூன்று பொருள், எந்தக் குழந்தையும் செய்யலாம். எந்தக் குழந்தையும். ஐந்து விரல் இருக்கிற எந்தக் குழந்தையும் என்று அவள் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும். இனியனின் வலது கையில் ஐந்து இருந்தது. இடது கையில் கட்டைவிரல் முழுசாக இருந்தது, சுண்டுவிரல் பாதி இருந்தது, நடுவில் மூன்று விரல் வர வேண்டிய இடத்தில் மூன்று மொட்டு மட்டும் இருந்தது, அவரைப் பிஞ்சின் உள்ளே இருக்கிற விதை அளவுக்கு.

வலது கை. அவ்வளவுதான், வலது கையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. காரில் வரும்போதே சொல்லி வைத்திருந்தான், சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் திரும்பி, இன்னைக்கு மிஸ் பெயின்ட் அடிப்பாங்க சாமி, இந்தக் கையக் குடுக்கோணும், இந்தக் கை, சரியா என்று வலது கையைத் தொட்டுக் காட்டினான். இனியன் சரி என்றான். ஆனால் அவன் கண் பக்கத்தில் நின்ற குப்பை லாரியின் மேல் இருந்தது, லாரியைப் பார்த்துச் சொன்ன சரியா, அப்பனைப் பார்த்துச் சொன்ன சரியா. மிஸ் டெனிஸோ ஒவ்வொரு பிள்ளையிடமும், இன்றைக்கு எந்தக் கை எனக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்கிறாள். அவள் பாட்டுக்கு வலது கையைப் பிடித்து இழுத்துப் பூசினால் என்ன. கேட்கிறாள். பிள்ளைகள் யோசிக்கிறார்கள், இரண்டு கையையும் பார்க்கிறார்கள், என்னமோ நகைக்கடையில் நிற்கிற மாதிரி. இந்த ஏழு பேருக்கு முன்னால் முடிந்த நாலு பேரில் மூன்று பேர் வலது, ஒருத்தன் இடது. நாலில் ஒன்று.  மனைவி கோகிலா வந்திருக்க வேண்டியது. அவள்தான் உதவிக்கு வருவதாகப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள், ஆய்வுக்கூடத்தில் புதுசாகச் சேர்ந்த வேலை, இன்றைக்கு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டே சொன்னாள், ஏனுங்க, நீங்க அங்க போய் ஒண்ணும் பண்ண வேண்டாம், அவங்கூட சும்மா நின்னாப் போதும். கைய வெச்சு அச்செடுக்கறாங்களாம் கோகி, என்றான். தெரியும், மெயில் எனக்குந்தான் வந்துச்சு, சும்மா நில்லுங்க. சும்மா நிற்பது அவளுக்கு வரும். அவனுக்கு வராது, அவன் சும்மா நிற்காதவன், சும்மா நிற்காததால்தான்.

அதற்குள் போகாதே. ஒரு பிள்ளை முடிந்து அவனிடம் வந்தது, தலையில் இரட்டைக் குடுமி, பெயர் ஹேசல். கையை நீட்டியது. அவன் ஈரத்தாளால் துடைத்தான், சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஒவ்வொன்றாக, ஊரார் பிள்ளையின் விரல் எத்தனை லேசாகக் கைக்குள் வருகிறது, எலும்பே இல்லாத மாதிரி. நன்றி மிஸ்டர் கிரி என்றது. வெள்ளியங்கிரி என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வளைவதில்லை. அது போய்ப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தன் வான்கோழிக்கு ஆடுகிற பிளாஸ்டிக் கண்ணை ஒட்ட ஆரம்பித்தது. இன்னும் ஆறு. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் முக்கால்வாசி உதிர்ந்து நின்றது, ஏரிப் பக்கத்துக் காற்று, மிச்சத்தையும் இன்றைக்கே கொட்டிவிடும் போல இருந்தது. கோயமுத்தூரில், நாலு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் காற்று, மார்கழிக் காற்று, சரவணம்பட்டி அடுக்குமாடியின் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் படபடவென்று அடித்தது. காலை ஒன்பதரை மணி. சூரிய கிரகணம், அதுவும் வளையம் தெரிகிற கிரகணம், நம்ம ஊருக்கு நேர் மேலே, இனி நம்ம ஆயுசில் கிடைக்குமா என்று அவன்தான் குதித்தான். கோகிலா உண்டாகி ஏழு வாரம். அவள் அப்பா பெருந்துறையிலிருந்து விடிந்ததும் போன் பண்ணினார், உரக்கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசமாட்டார், மாப்பிள்ளை, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பாவ வெளிய உடாதீங்க, கத்தி கத்தரி தொட வேண்டாம்னு சொல்லுங்க, மனசுக்கு ஒரு இதுக்குத்தான். சரிங்க மாமா என்றான். போனை வைத்துவிட்டுச் சிரித்தான். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கம் வாய் கோணியது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கோகி, அஞ்சு நிமிஷம் மேல வா, நிலா சூரியன மறைக்கறதுக்கும் உன்ற வயித்துக்கும் என்ன சம்பந்தம், வா. அவள் வந்தாள். செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு நிழல் பார்க்க ஏற்பாடு, ஓட்டை சின்னதாக இருக்கிறதென்று கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தான், நீ வெட்டு, உனக்குத்தான் கை நேராப் போகும். அவள் வெட்டினாள். தரையில் ஒரு ஒளி வளையம் விழுந்தது, மோதிரம் மாதிரி. ரெண்டு பேரும் கைதட்டினார்கள். மூன்று நிமிஷம்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவன் பொறியியல் படித்தவன், சம்பந்தம் இல்லை. பிள்ளை பிறந்ததும் டாக்டரம்மா படம் போட்டே விளக்கினார், ஏதோ ஒரு நொடி ரத்தம் சரியாகப் போகாமல் இருந்திருக்கும், யார் தப்பும் இல்லை, எந்த அம்மா எதைச் செய்திருந்தாலும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன்தான் கேட்டான், அது எத்தனாவது வாரத்துலங்க டாக்டர். ஆறிலிருந்து எட்டுக்குள்ளே, என்றார். ஆறு, ஏழு, எட்டு. ஏழு நடுவில். சம்பந்தம் இல்லை, ஆனால் ஏழு நடுவில் இருந்தது. அன்றிலிருந்து மூன்றே கால் வருஷமாகப் புத்தி அந்த ஒரே இடத்தில் கால் இடறுகிறது, வீட்டில் உயரம் தெரிந்த வாசற்படியில் தினமும் இடறுகிற மாதிரி. கோகிலா ஒரு நாளும் சொன்னதில்லை. மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தார், துணிப் பொதிக்குள்ளிருந்து அந்தக் கை தானாக வெளியே வந்தது, அவர் பார்த்தார், குனிந்து அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மாப்பிள்ளை சாப்பிட்டீங்களா என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மனுஷன் திருப்பிப் பேசியிருப்பான். சாப்பிட்டீங்களா என்பதற்கு என்ன பதில் இருக்கிறது. அதிலிருந்து இவனாக ஆரம்பித்தது பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை. வெயில் காலத்திலும் முழுக்கை. போட்டோ என்றால் பிள்ளையின் இடது பக்கத்தைத் தன்னோடு அணைத்துக்கொண்டு நிற்பது. ஊருக்கு வீடியோ போட்டால் மார்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்ப்பது. யாராவது பார்த்துவிட்டால் பிள்ளையைப் பார்ப்பதில்லை, பார்த்தவர் முகத்தைப் பார்ப்பான், கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது நகர்கிறது. வேறொரு நாட்டுக்கு வந்தது வேலைக்காக என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறது. வேலைக்காகத்தான். தெரியாதவர்கள் நடுவில் இருந்துவிடலாம் என்பதற்காகவும்தான்.

இன்னும் மூன்று. எப்போது மூன்றானது. மூன்று பிள்ளைகளின் கையைத் துடைத்திருக்கிறான், ஒன்றும் நினைவில்லை, ஈரத்தாள் குப்பைக்கூடையில் பல நிறத்தில் கிடந்தது. சரவிளக்கு மாட்டுகிற கயிற்றில் துணி கிளிப் போட்டு வான்கோழிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் நாலு இறகு, நாலு, நாலு, நாலு, ஒரு பல் போகாத சீப்பு மாதிரி. பத்தே முக்காலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள், ஆப்பிள் சாறு, பிஸ்கட், இந்தக் கயிற்றின் கீழே நின்று தன் பிள்ளையுடையது எது என்று தேடுவார்கள். அப்போது ஒரே ஒன்று. ஐயோ, இது யாருடையது என்று யாராவது கேட்பார்கள். கேட்கமாட்டார்கள், அதுதான், இந்த ஊர்க்காரர்கள் கேட்கவே மாட்டார்கள், அழகாக இருக்கிறதே என்பார்கள், குரல் ஒரு பிடி கூடுதலாக இனிக்கும். அந்த இனிப்பை அவனால் தாங்க முடியாது. இனியன் என்ன பண்ணுகிறான். இனியன் முன்னால் நிற்கிற பையனின் முதுகில் மூக்கை வைத்து உரசிக்கொண்டிருந்தான். வலது கையில் என்னமோ வைத்திருக்கிறான். என்ன அது. பைன் மரத்துக் காய், காலையில் வாசலில் பொறுக்கியது, செதில் செதிலாக விரிந்தது, அவன் முஷ்டிக்கு மேல் பெரிசு. வலது கையில். அதைக் கீழே வை சாமி. வாயைத் திறந்து சொல்லலாமா, சொன்னால் மிஸ் டெனிஸ் திரும்புவாள், ஏன் என்று ஒரு பார்வை பார்ப்பாள். கண்ணால் சாடை காட்டினான். இனியன் அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து இரண்டு கண்ணையும் சேர்த்து மூடித் திறந்தான். இனியனுக்கு முன்னால் இன்னும் ஒன்று. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே இடது கையைக் கொடுத்தான். இடது. பார், இப்போது இவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான், முன்னால் போகிறவன் செய்வதைத்தானே பிள்ளைகள் செய்யும், எழுந்து போய்விடலாமா, வயிறு சரியில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இல்லை, மழை வருகிறது என்று, எந்த மழை, வெளியே வெயில்.

“என் இனியன்,” என்றாள் மிஸ் டெனிஸ். “எந்தக் கை எனக்குக் கொடுக்கப் போகிறாய்?”

இனியன் யோசிக்கவே இல்லை. பைன் காய் இருந்த கையை மார்போடு இறுக்கிக்கொண்டு, மற்றக் கையை முன்னால் நீட்டினான். சட்டைக் கை முழங்கை வரைக்கும் தானாகவே விலகியது. வெளிச்சம் நேராக விழுந்தது. கட்டைவிரல், மூன்று மொட்டு, பாதிச் சுண்டுவிரல், எல்லாம் விரிந்து நின்றன, பூசு என்கிற மாதிரி.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தான் எழுந்துவிட்டது வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தது. பிள்ளையின் மணிக்கட்டு அவன் பிடிக்குள் இருந்தது. இறுக்கமாக. “அது வேண்டாம் சாமி. அந்தக் கை வேண்டாம். இந்தக் கை, இதக் குடு,” என்றான். தமிழில்தான் சொன்னான், ஆனால் அறை அமைதியாகிவிட்டது, அதட்டலுக்கு மொழி இல்லை போலிருக்கிறது.

இனியன் நிமிர்ந்து பார்த்தான். “ஏன்ப்பா?”

அவன் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. தன் கையைப் பற்றி ஒரு நாள்கூட, ஏன் என்று. என்றைக்காவது ஒரு பிள்ளை கேலி பண்ணும், இவன் அழுதுகொண்டு வந்து கேட்பான், அன்றைக்குச் சொல்லலாம் என்று எத்தனை பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தான் வெள்ளியங்கிரி, உன் கை நட்சத்திரம் மாதிரி, அது இது என்று, கடைசியில் கேலி பண்ணியது யார். கேட்க வைத்தது யார். மிஸ் டெனிஸ் தூரிகையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள், பழுப்பு ஒரு சொட்டுத் தாளில் விழுந்தது. பக்கத்து மேஜையிலிருந்து ஹேசல் கண் ஒட்டுகிற வேலையை விடாமல், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள், “அது அவனுடைய குட்டிக் கை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எங்கள் எல்லோருக்கும் தெரியுமே.” அப்புறம், “யாராவது பசை கொடுங்கள்,” என்றாள்.

“பிள்ளைகள் முதல் வாரமே கேட்டார்கள்,” என்று மெதுவாகச் சொன்னாள் மிஸ் டெனிஸ். “அவனே சொல்லிவிட்டான். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.”

முதல் வாரம் என்றால் செப்டம்பர். குட்டிக் கை. அது கோகிலா வைத்த பெயர், குளிப்பாட்டும்போது பெரிய கைக்கு சோப்பு, குட்டிக் கைக்கு சோப்பு என்று பாடுவாள், அவன் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் குளியலறையை விட்டு எழுந்து வந்துவிடுவான். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், தினமும் காலையில் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டு அனுப்பியிருக்கிறான், உள்ளே வந்ததும் பிள்ளை அதை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு விளையாடப் போயிருக்கிறது. ஒளித்து வைத்திருக்கிறோம் என்று ஒரே ஒரு ஆள் நினைத்துக்கொண்டிருந்தான். பிடியை விட்டான். மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது. “இல்ல கண்ணு, அப்பா சும்மா. எந்தக் கைன்னாலும் குடு. இதையே குடு,” என்றான். குரல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இனியன் அதற்குள் அந்தக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். முழுசாக. துணியின் நுனி காலியாகத் தொங்கியது. இத்தனை நாள் அப்பன் இழுத்துவிட்டதை முதல் தடவையாகப் பிள்ளையே செய்தது. பைன் காயை மேஜையில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினான்.

மிஸ் டெனிஸ் வெள்ளியங்கிரியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு பூசினாள். அமுக்கினாள். எடுத்தாள். அழகான வான்கோழி, நாலு இறகு, ஒரு குறையும் இல்லை. காலை முழுக்க அவன் எந்தச் சாமியிடம் கேட்டானோ அந்தச் சாமி கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டது. அதைப் பார்க்க முடியவில்லை. கயிற்றில் மாட்ட யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இனியன் கை கழுவப் போயிருந்தான். குழாயடி பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக இருந்தது. ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான், வீட்டில் என்றால் குட்டிக் கைதான் சோப்பைப் பிடித்துக்கொள்ளும், பெரிய கையைத் தேய்க்கும், அந்த மொட்டுகளுக்கு அத்தனை பலம். இப்போது அது சட்டைக்குள்ளேயே இருந்தது. சோப்பு வழுக்கிக்கொண்டு போனது. வெள்ளியங்கிரி பக்கத்தில் மண்டியிட்டான். என்ன சொல்வது, ஏழாவது வாரம் என்று சொல்வதா, ஒளி வளையம் என்று சொல்வதா, உனக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்று சொல்வதா. மூன்று வயசுப் பிள்ளையிடம் சொல்ல முடிகிற ஒரே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அப்பா தப்பாச் சொல்லிட்டேன் சாமி.”

இனியன் தண்ணீரைப் பார்த்தான். “நீ வேண்டாம்னு சொன்ன.”

“ஆமா. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.”

“கத்துன.”

“ஆமா, கத்துனேன்.”

இனியன் வழுக்கிய சோப்பைத் திரும்ப எடுத்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. “அப்பன்னா சாரி சொல்லு.”

“சாரி கண்ணு.”

“எனக்கு இல்ல,” என்றான் இனியன், இது தெரியாதா என்கிற மாதிரி. சட்டையின் காலி நுனியை நீட்டினான். “இதுக்கு.”

யார் யார் பின்னால் நிற்கிறார்கள் என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியும். இரண்டு அம்மாக்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், கதவடியில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேச்சு நின்றதையும் கேட்டான். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. அவன் அந்தச் சட்டைக் கையைப் பிடித்து ஒரு மடிப்பு மடித்தான், இன்னொரு மடிப்பு, இன்னொன்று, முழங்கை வரைக்கும். உள்ளே இருந்து கை வந்தது, வெதுவெதுப்பாக, வேர்த்து. வீட்டுக்கு வெளியே அதை அவன் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மொட்டுகள் அவன் உள்ளங்கையில் அசைந்தன. “சாரி,” என்றான் அதனிடம். சத்தம் வரவில்லை. இனியன், “கேக்கல,” என்றான். “சாரி,” என்றான் மறுபடியும், இந்தத் தடவை அறை முழுக்கக் கேட்டது.

“ஓகே,” என்றான் இனியன். அப்புறம் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், “இதுக்கு முழுக்கப் பச்சை வேணும்.”

மிஸ் டெனிஸ் மூடி வைத்த தட்டைத் திரும்பத் திறந்தாள். முழுக்கப் பச்சை. தூரிகை மொட்டுகளின் மேல் போனபோது இனியன் உடம்பை வளைத்து, கூசுது கூசுது என்று கூவினான், பக்கத்தில் கண் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சுற்றி நின்று எனக்கும் பச்சை, எனக்கும் முழுக்கப் பச்சை என்று அடம்பிடித்தார்கள். தாளை வெள்ளியங்கிரிதான் பிடித்துக்கொண்டான், நகராமல் இரண்டு மூலையையும் அமுக்கி. இனியன் நெளிந்தான், அதனால் அச்சு ஓரத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அது வான்கோழி மாதிரி இல்லை. வேறு எது மாதிரியும் இல்லை. அது இனியனின் கை மாதிரி இருந்தது. கண் ஒட்ட வேண்டாமா என்று ஹேசல் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டான் இனியன்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தார்கள். இனியன் பச்சையைக் கழுவவிடவில்லை, காயட்டும் என்று சொல்லிவிட்டான், ஜாக்கெட்டின் அந்தப் பக்கக் கையில் நுழையவும் மாட்டேன் என்றான், பாதி ஜாக்கெட் முதுகில் தொங்க, குளிரில் கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தான், நிரம்பிய தம்ளரைக் கொண்டு போகிற மாதிரி. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கிழவர் இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்கிப் பார்த்து, நல்ல பச்சையாக இருக்கிறதே என்று கையை ஆட்டினார். இனியன் பச்சைக் கையைத் தூக்கி ஆட்டினான். வெள்ளியங்கிரி கிழவரின் முகத்தைத்தான் பார்த்தான், கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு காலைப் பொழுதில் விட்டுப் போகிற பழக்கமா அது. கிழவரின் கண் நின்றது, ஒரு நொடி, ஒன்றரை நொடி, பிறகு இலைக்குத் திரும்பியது. வெள்ளியங்கிரியின் கை தன்போக்கில் பிள்ளையின் மடித்த சட்டைக் கையை நோக்கிப் போய்விட்டது. போன கையை நிறுத்தினான். நிறுத்தி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு, கார் வரைக்கும் நடந்தான்.